சாம்பிராணி போட்டால் கத்தும் அலாரம்

கேள்வி: சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சமையலறையில் கேஸ் அலாரம் மாட்டியிருக்கிறோம். வெள்ளிக்கிழமை மாமியார் சாம்பிராணி போட்டால் கத்துகிறது. பக்கத்தில் நின்று கையில் சானிட்டைசர் தடவினாலும் கத்துகிறது. தொல்லை தாங்காமல் என் கணவர் கழற்றி வைத்துவிட்டார். 'நானோ சென்சார்' என்று ஒன்று விற்கிறார்களே, அதை வாங்கினால் சரியாகுமா?
- வாசகி, ஈசூன்

பதில்: முதலில் கழற்றியதை மறுபடி மாட்டுங்கள், சகோதரி. மற்றதை அப்புறம் பேசுவோம்.

ஜூரோங்கில் ஒரு பட்டறையில் இந்தக் கருவிகளைச் சோதித்து அளவு சரிபார்ப்பதுதான் இருபது வருடமாக என் வேலை. இந்த மாதிரி அலாரம் பலவற்றைத் திறந்தால் உள்ளே கம்பிவலை மூடிய ஒரு சின்ன உலோகக் குப்பி இருக்கும், சுண்டுவிரல் நுனி அளவு. அதற்குள் வெள்ளீய ஆக்சைடு பூசிய ஒரு துணுக்கு, அதைச் சூடாக்க முடி போல மெல்லிய கம்பி. துணுக்கின் சூடு 200 டிகிரிக்கு மேலேயே இருக்கும். 1960களில் ஜப்பானின் நவோயோஷி தகுச்சி உருவாக்கிய முறை இது.

அந்தச் சூட்டில் காற்றிலுள்ள ஆக்சிஜன் பூச்சின்மேல் ஒட்டிக்கொண்டு எலக்ட்ரான்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எரியும் வாயு வந்தால் அந்த ஆக்சிஜனோடு சேரும். எலக்ட்ரான்கள் விடுபடும், மின்தடை சட்டென்று விழும், அலாரம் கத்தும். வந்தது கேஸா, சானிட்டைசரில் இருக்கும் ஆல்கஹாலா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. சாம்பிராணிக்குக் கத்துவதையோ நான் குறையே சொல்ல மாட்டேன். கரித்தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரத்தான் செய்யும். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

நானோ விஷயம் உண்மையிலேயே பெரிய விஷயம். 2000இல் ஸ்டான்ஃபோர்டில் கார்பன் நானோகுழாயை, அதாவது கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லிய கார்பன் குழாயை வைத்து, சூடேற்றாமலே, நைட்ரஜன் டை ஆக்சைடையும் அமோனியாவையும் கண்டுபிடித்துக் காட்டினார்கள். 2007இல் மான்செஸ்டரில் கிராஃபீன், அதாவது ஒரே ஒரு அணு தடிமனுள்ள கார்பன் தாள், ஒரே ஒரு மூலக்கூறு வந்து ஒட்டுவதைக்கூட உணர்ந்தது. பொருள் அவ்வளவு மெல்லியதாகிவிட்டால் கிட்டத்தட்ட எல்லா அணுவும் மேற்பரப்பிலேயே இருக்கும், எது வந்து தொட்டாலும் தெரியும். ஆனால் உங்கள் தொல்லை உணராததால் வந்ததில்லையே, எல்லாவற்றையும் உணர்வதால் வந்தது! போதாததற்கு நம் ஊர்ப் புழுக்கம்: ஈரமும் அந்தப் பரப்பில் போய் ஒட்டி அளவை நகர்த்திவிடும். வாயுக்களைப் பிரித்துச் சொல்ல, வெவ்வேறு பொருளில் செய்த பல சென்சார்களை ஒன்றாக வைத்து, எது எவ்வளவு அசைகிறது என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். பெட்டிமேல் 'நானோ' என்று போட்டிருப்பதற்காக மட்டும் வாங்காதீர்கள்.

குழாய் கேஸா, சிலிண்டரா என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு அதுதான் கவலை. இங்கே குழாயில் வருவதில் ஹைட்ரஜன் நிறைய, காற்றைவிட லேசு, மேலே போகும். அதற்கு அலாரம் கூரைப் பக்கம் இருக்க வேண்டும். சிலிண்டர் கேஸ் கனம், தரையோடு தங்கும். அதற்குக் கீழே மாட்ட வேண்டும். போன மாதம் என் அக்கா வீட்டில் சிலிண்டருக்கான அலாரத்தைக் கூரையை ஒட்டி மாட்டியிருந்தார்கள். அன்றைக்கே இறக்கி மாட்டிவிட்டுத்தான் வந்தேன்.

உங்கள் கருவி எந்த கேஸுக்கானது, எப்போது மாற்ற வேண்டும் என்று பின்பக்கமோ கையேட்டிலோ போட்டிருக்கும். திரும்ப மாட்டுவதற்கு முன் அதைப் பார்த்துவிடுங்கள்.