ஸ்டோமாவைச் சுற்றித் தோல் எரிகிறதா? கழற்றிய பிளேட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள்

கேள்வி: என் கணவர் சாம்பல்தீவில் ஓட்டோ ஓடுகிறார். குடலில் ஒப்பரேஷன் செய்து, வயிற்றின் வலப்பக்கத்தில் இலியோஸ்டமி (சிறுகுடலை வயிற்றில் வெளியே திறந்து மலத்தைப் பையில் சேர்ப்பது) வைத்து இரண்டு மாதமாகிறது. ஆஸ்பத்திரியில் இருந்தபோது, பையைத் தோலில் ஒட்டிப் பிடிக்கும் பிளேட் ஒன்று மூன்று நாள் நின்றது. இப்போது ஒரு நாள்கூட நிற்பதில்லை. ஸ்டோமாவுக்கு, அதாவது அந்தக் குடல்வாய்க்குக் கீழே தோல் சிவந்து, நீர் கசிந்து, தண்ணீர் பட்டாலே எரிகிறது என்கிறார். மாமி தேங்காய் எண்ணெய் பூசச் சொல்கிறா. பக்கத்து வீட்டு அக்கா டெட்டோல் தண்ணீரால் கழுவச் சொல்கிறா. நான் குழந்தைப் பவுடர் போட்டு, கசிகிற இடத்தில் பிளாஸ்டர் ஒட்டிச் சமாளிக்கிறேன். என்ன களிம்பு பூசினால் மாறும்?
– வாசகி ஒருவர், திருகோணமலை

பதில்: களிம்பு எதுவும் வேண்டாம் தங்கச்சி. எண்ணெயும் களிம்பும் பட்ட தோலில் பிளேட் பிடிக்காது. டெட்டோல் புண்பட்ட தோலை இன்னும் எரிக்கும். குழந்தைப் பவுடர் தோலுக்கும் பசைக்கும் நடுவே நின்று இரண்டையும் ஒட்டவிடாது. மூன்றையும் இன்றோடு நிறுத்துங்கள். கசிவின் மேல் பிளாஸ்டர் ஒட்டுவதை இவற்றுக்கும் முதலில் நிறுத்துங்கள். கசிந்தது வெளியே வர வழியில்லாமல் தோலோடு அடைபட்டுக் கிடக்கும். சிறுகுடலிலிருந்து வருவதில் சாப்பாட்டைச் செரிக்கவைக்கும் நொதியங்கள் வேலைசெய்யும் நிலையிலேயே இருக்கின்றன. சாப்பிட்ட இறைச்சிக்கும் வயிற்றுத் தோலுக்கும் அவற்றுக்கு வித்தியாசம் தெரியாது. சில மணி நேரம் பட்டாலே தோல் வெந்துவிடும். பெருங்குடலில் வைக்கும் கொலொஸ்டமியில் இந்தக் கடுமை குறைவு. அதனால் கொலொஸ்டமி வைத்த ஒருவர் சொல்லும் அனுபவத்தை அப்படியே உங்கள் வீட்டில் செய்து பார்க்காதீர்கள்.

அடுத்த முறை பிளேட்டைக் கழற்றியதும் எறிந்துவிடாமல், வெளிச்சத்தில் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஓட்டையைச் சுற்றிப் பசை வெளுத்து, ஊறி, கரைந்திருக்கும். அது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இருந்தால் பிளேட்டை வைத்திருந்த நாட்கள் கூடிவிட்டன என்று அர்த்தம். ஒரு பக்கம் மட்டும் அரித்து, விளிம்பு வரை மலம் ஓடிய தடம் இருந்தால் கசிவு அந்த வழியாகத்தான் போகிறது. அவருக்கு எரிவது கீழ்ப்பக்கம் என்பதால் தடமும் பெரும்பாலும் கீழ்நோக்கியே இருக்கும். அதே இடத்தைத் தோலிலும் பாருங்கள், இரண்டும் பொருந்தும்.

இப்போது ஓட்டையின் அளவு. ஒப்பரேஷன் முடிந்த கையோடு ஸ்டோமா வீங்கியிருக்கும். அடுத்த ஆறு முதல் எட்டு வாரங்களில் வீக்கம் வற்றி அது சிறுக்கும். ஆனால் வீட்டில் பலரும் ஆஸ்பத்திரியில் தாதி வெட்டிக் காட்டிய அளவையே தொடர்ந்து வெட்டுகிறார்கள். முன்பு மூன்று நாள் நின்ற பிளேட் இப்போது நிற்கவில்லை என்று நீங்கள் எழுதியதும் எனக்கு முதலில் வந்த சந்தேகம் இதுதான். ஸ்டோமாவுக்கும் பிளேட்டின் விளிம்புக்கும் இடையே 2 அல்லது 3 மில்லிமீற்றர் இடைவெளி போதும். அதற்கு மேல் தெரிகிற தோல் முழுவதும் மலத்தில் ஊறும். பை வந்த பெட்டியில் அளவு அட்டை இருந்தால் அதை வைத்துப் பாருங்கள். இல்லாவிட்டால், அல்லது ஸ்டோமா முட்டை வடிவாக இருந்தால், தெளிவான பொலித்தீன் துண்டை மேலே பிடித்து மார்க்கர் பேனையால் கோடு கீறி, அதைப் பார்த்து வெட்டுங்கள். வெட்டிய விளிம்பை விரலால் நீவி மழமழப்பாக்குங்கள். ஸ்டோமாவில் வலி தெரியாது. பிளேட் இறுக்கி வெட்டினாலும் அவர் ‘நோகுது’ என்று சொல்லமாட்டார். இந்த அளவெடுப்பை ஸ்டோமாவின் அளவு மாறாமல் நிலைக்கும்வரை வாரம் ஒருமுறை செய்யுங்கள்.

அளவு சரியாக இருந்தும் கசிந்தால், அவரைப் படுக்கவைத்துப் பார்ப்பதோடு விடாதீர்கள். ஓட்டோ ஓடும்போது இருப்பதுபோலக் கதிரையில் முன்சாய்ந்து இருக்கச் சொல்லுங்கள். படுத்திருக்கும்போது சமமாக இருந்த வயிற்றில் ஒரு மடிப்பு விழும். நாள் முழுக்க அந்த மடிப்பு வழியாகத்தான் மலம் ஓடுகிறது. அங்கே ஸ்டோமா பேஸ்ட்டோ, பிளேட்டுக்கு அடியில் வைக்கும் மெதுவான ஒட்டு வளையமோ வைத்துக் குழியை நிரப்பிவிட்டு, மேலே பிளேட்டை ஒட்டவேண்டும். பேஸ்ட் ஒட்டுப்பசை அல்ல, பள்ளம் நிரப்பும் சாமான் மட்டுமே. பல பேஸ்ட்டுகளில் அற்ககோல் இருப்பதால் புண்பட்ட தோலில் கடுமையாக எரியும். இப்போதைக்கு வளையமே நல்லது. ஸ்டோமா உள்ளிழுத்துத் தோல் மட்டத்துக்கு வந்திருந்தால் குவிந்த பிளேட் தேவைப்படும். அதை நீங்களாக வாங்கவேண்டாம், கிளினிக்கில் பார்த்துச் சொல்லட்டும்.

மாற்றும் வேலையைக் காலையில் தேத்தண்ணி குடிக்கமுன் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது குடல் ஓய்ந்திருக்கும். ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்து, மறுகையால் மேலிருந்து கீழாக மெதுவாக உரியுங்கள். வராத இடத்தில் இளஞ்சூட்டுத் தண்ணீரால் நனையுங்கள். வெறும் தண்ணீரும் மெல்லிய துணியும் கழுவுவதற்குப் போதும். துடைக்கும்போது ஸ்டோமாவில் பொட்டாக இரத்தம் பட்டால் பயப்படவேண்டாம். துவாயால் தேய்க்காமல் ஒற்றி உலர்த்துங்கள்.

நீர் கசிகிற இடத்துக்கு ஸ்டோமா பவுடர் என்று தனியாக இருக்கிறது. இது குழந்தைப் பவுடர் அல்ல. ஈரமாக இருக்கும் புண்ணில் மட்டும் மெல்லியதாகத் தூவி, ஒட்டாமல் நிற்பதைத் தட்டிவிடுங்கள். அதன்மேல் தோலைக் காக்கும், எரிவு தராத படலத் திரவத்தை (barrier film) ஒற்றி, காயவிட்டு, பிறகு பிளேட். பிளேட்டை முதலில் இரு உள்ளங்கைக்கு நடுவே சூடாக்குங்கள். ஒட்டியதும் ஓரிரு நிமிடம் கையால் அழுத்திப் பிடித்திருங்கள். தோல் காய்ந்ததும் பவுடரை விட்டுவிடலாம். கசிவு நின்றால் சில நாட்களிலேயே எரிவு தணியத் தொடங்கும்.

பிளேட் விலை கூடிய சாமான். ‘இன்னும் ஒரு நாள் இருக்கட்டுமே’ என்று நினைப்பது எனக்கு நன்றாகவே விளங்குகிறது. ஆனால் உள்ளே அரித்தாலோ எரிந்தாலோ அந்த நேரமே கழற்றவேண்டும். புண்ணான தோலில் அடுத்த பிளேட் இன்னும் குறைந்த நேரமே நிற்கும், செலவு இரட்டிப்பாகும். பை மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதும் காலி செய்தால் பாரம் பிளேட்டை இழுக்காது.

நம் ஊரில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் வியர்வையே பசையைக் கிளப்பிவிடும். பைக்கும் தோலுக்கும் நடுவே பருத்தித் துணி உறை போடுங்கள். மாற்றுப் பைகளை ஓட்டோவின் பெட்டியில் விடவேண்டாம், வெயிலில் பசை இளகிக் கெட்டுவிடும்.

எல்லாச் சிவப்பும் கசிவால் வருவதில்லை. பிளேட்டின் வடிவத்திலேயே அச்சுப்போலச் சிவந்து அரித்தால் பசை ஒத்துக்கொள்ளவில்லை, வேறு கம்பனிப் பிளேட் பார்க்கவேண்டும். சிவப்பைச் சுற்றிச் சிறு பொட்டுகள் சிதறி அரித்தால் பங்கசுத் தொற்றாக இருக்கலாம். வைத்தியர் அதற்குக் கிறீம் தராமல் பவுடராகத் தரும்படி கேளுங்கள். மயிர்க்கால்களில் பரு வந்தால் சவரம் செய்யாமல் மயிரைக் கத்தரித்துவிடுங்கள். ஸ்டீறொயிட் கிறீமை மட்டும் பார்மசியில் கேட்டு வாங்கிப் பூசாதீர்கள்.

கடைசியாக, மலம் தண்ணீராகப் போகிறதா என்று பாருங்கள். தண்ணீராகப் போனால் எந்தப் பிளேட்டும் நிற்காது. குழைந்த சோறு, வாழைப்பழம், உருளைக்கிழங்கு கொஞ்சம் கட்டியாக்கும். வெறும் தண்ணீர் குடித்தால் இழந்த உப்பு திரும்பாது, ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த கரைசல் தூள்) கரைத்துக் கொடுங்கள். இதயம், சிறுநீரக வருத்தம் இருந்தால் முதலில் வைத்தியரைக் கேளுங்கள். ஒரு நாளில் ஒன்றரை லீற்றருக்கு மேல் போனாலோ, சலம் குறைந்து தலை சுற்றினாலோ, ஸ்டோமா கறுத்தாலோ, இரத்தம் நிற்காவிட்டாலோ, ஒன்றும் வராமல் வயிறு ஊதி வாந்தி எடுத்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குழியாகிக் கடுமையாக வலிக்கும் புண் வந்தாலோ, நான் சொன்னதைச் செய்தும் ஒரு வாரத்தில் தோல் தேறாவிட்டாலோ சத்திரசிகிச்சைக் கிளினிக்கில் காட்டுங்கள். போகும்போது மாற்றுப் பை ஒன்றைக் கொண்டுபோங்கள், பார்ப்பதற்குப் பிளேட்டைக் கழற்றச் சொல்வார்கள்.