பெயர்ப்பலகையில் காலி இடம் எதற்கு?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் மெயின் ரோட்டில் மரச்செக்கு எண்ணெய்க் கடை தொடங்குகிறேன். பலகை 12 அடிக்கு 3 அடி. கடை பெயர், சாமி படம், அப்பா படம், எள், கடலை, தேங்காய்ப் படங்கள், ‘100% தூய்மை’, உணவு உரிம எண், இரண்டு போன் நம்பர் என எழுதிக் கொடுத்தேன். டிசைனர் பாதிக்கு மேல் எடுத்துவிட்டார். சதுர அடிக் கணக்கில்தானே காசு வாங்குகிறார்கள்? காலி இடத்துக்கும் சேர்த்துக் கொடுப்பதா?

பதில்: கொடுங்கள். உங்கள் டிசைனர் நல்ல வேலை செய்திருக்கிறார்.

பைக்கில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் நொடிக்கு 11 மீட்டர் கடக்கிறார். பலகைத் தொழிலில் பழைய கணக்கு ஒன்று உண்டு: எழுத்தின் உயரம் ஓர் அங்குலம் என்றால் 10 அடி தூரம் வரை சிரமமில்லாமல் படிக்கலாம். 8 அங்குல எழுத்துக்கு 80 அடி, அதாவது சுமார் 24 மீட்டர். ஆக, அவருக்குக் கிடைப்பது இரண்டே நொடி. நீங்கள் சொன்ன பத்தையும் ஏற்றினால் எழுத்து 3 அங்குலத்துக்கு இறங்கிவிடும். 30 அடி நெருங்கிய பிறகுதான் படிக்க முடியும். பிரேக் பிடிப்பதற்குள் கடை தாண்டிப் போய்விடும்.

அப்புறம், ‘எண்ணெய்’ என்ற சொல்லையே உற்றுப் பாருங்கள். மூன்று சுழி ‘ண’ இரண்டு முறை வருகிறது, மேலே இரண்டு புள்ளிகள் வேறு. இதற்கு வெள்ளை பார்டர், அதன் மேல் கறுப்பு ஷேடோ என்று போட்டால் சுழிகளுக்குள் இருக்கும் இடம் அடைத்துக்கொள்ளும். தூரத்தில் ‘ண’வா ‘ன’வா என்றே தெரியாது. எழுத்தை நெருக்கினாலோ முதலில் காணாமல் போவது புள்ளிதான். ‘ர’வின் கால் கீழே இறங்கும், புள்ளி மேலே ஏறும், அதனால் தமிழ் வரிகளுக்கு நடுவில் தாராளமாக இடம் வேண்டும். நம் எழுத்து மூச்சுவிட அந்தக் காலி இடம் கட்டாயம் தேவை.

லண்டன் சுரங்க ரயிலுக்கு 1931இல் ஹாரி பெக் என்பவர் ஒரு வரைபடம் போட்டார். தெருக்களை எடுத்தார், நிஜமான தூரத்தையும் விட்டுவிட்டார். தரைக்கு மேலே இருப்பதில் தேம்ஸ் நதியை மட்டும் வைத்துக்கொண்டார். நிர்வாகம் முதலில் ஏற்கவில்லை. 1933இல் அச்சடித்துக் கொடுத்ததும் மக்கள் விரும்பி எடுத்துக்கொண்டார்கள். எங்கே ஏறுவது, எங்கே மாறுவது, எங்கே இறங்குவது என்பதுதானே பயணிக்கு வேண்டியது?

உங்கள் பலகையைப் பார்ப்பவருக்கு வேண்டியது, இங்கே என்ன கிடைக்கும் என்பது. ‘மரச்செக்கு எண்ணெய்’ ஒரே வரியில் 8 அங்குலம். மேலே கடை பெயர் 4 அங்குலம். புதுக் கடை என்பதால் பெயரைவிடப் பொருளே பெரிதாக இருக்கட்டும். கீழே ஒரே ஒரு போன் நம்பர், அதுவும் 4 அங்குலம். மொத்தம் 16 போக, 36 அங்குல உயரத்தில் 20 மிச்சம். அதில் எதையும் நுழைக்காதீர்கள். அடர்ந்த பின்னணி ஒன்று, வெளிர் எழுத்து ஒன்று என இரண்டு நிறம் போதும்.

அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு சோதனை. டிசைனை போனில் நிமிர்த்தி வைத்து, திரையின் அகலம் முழுக்க வரும்படி திறந்து, கையை நீட்டிப் பாருங்கள். 12 அடிப் பலகை சுமார் 100 அடி தூரத்திலிருந்து அந்த அளவுக்குத்தான் தெரியும். வீட்டில் யாரிடமாவது இரண்டு நொடி காட்டி, என்ன படித்தார் என்று கேளுங்கள்.

எடுத்ததை எங்கே வைப்பது? உரிமத்தைக் கடைக்குள் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டுங்கள். தூய்மையைப் பற்றி எழுதுவதைவிட, செக்கு ஓடுவது ரோட்டிலிருந்தே தெரியும்படி முன்பக்கம் வையுங்கள். சாமி படம் நிலைவாசலுக்கு மேல் இருக்கட்டும். அப்பா படத்தைக் கல்லாவுக்குப் பின்னால், எண்ணெய் அளந்து ஊற்றும்வரை வாடிக்கையாளர் நின்று பார்க்கும் இடத்தில் பெரிதாக மாட்டுங்கள்.