எங்கட எம்.பி. பாராளுமன்றத்தில் உண்மையில் என்ன செய்கிறார் என்று எப்படிப் பார்ப்பது?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: மட்டக்களப்பு எம்.பி. ஒருவரின் வீடியோ வாரம் தவறாமல் வட்ஸ்அப்பில் வருகிறது, சபையில் முழங்குகிறார், ஊரில் ஒன்றும் அசையக் காணோம். ஆள் வேலை செய்கிறாரா, நடிக்கிறாரா?

எந்த எம்.பி. என்று நீங்கள் சொல்லாதது நல்லது. நானும் யாரையும் தூக்கவோ இறக்கவோ இதை எழுதவில்லை. "நீ அந்தக் கட்சி ஆள்தானே" என்று வருகிறவர்கள் முழுவதையும் வாசித்துவிட்டு வரட்டும். கீழே சொல்லும் வழி தமிழரசுக் கட்சிக்காரருக்கும் தேசிய மக்கள் சக்திக்காரருக்கும் முஸ்லிம் காங்கிரஸ்காரருக்கும் ஒரே மாதிரிப் பொருந்தும்.

முதலில் ஹன்சாட், அதாவது சபையில் பேசியதெல்லாம் அப்படியே அச்சாகும் பாராளுமன்றத்தின் அதிகாரபூர்வ அறிக்கை. வீடியோவில் வருவது வெட்டியெடுத்த இரண்டு நிமிடம். கட்சிக்குக் கிடைக்கும் நேரத்தைக் கொறடா பிரித்துக் கொடுப்பார், ஒருவருக்கு ஐந்து, எட்டு, பத்து நிமிடம் என்று வரும். அதில் சூடான துண்டு மட்டும் பேஸ்புக்குக்குப் போகும். முழுப் பேச்சும் அதற்கு யார் என்ன பதில் சொன்னார் என்பதும் ஹன்சாட்டில் இருக்கும். பாராளுமன்ற இணையத்தளத்தில் திகதி வாரியாகப் பி.டி.எப். ஆக இறக்கலாம், காசு இல்லை. அமர்வுகள் பொதுவாக மாதத்தின் முதலாம், மூன்றாம் வாரங்களில், செவ்வாய் முதல் வெள்ளி வரை.

இறக்கியதும் பலர் செய்வது எம்.பி.யின் பெயரைத் தமிழில் தட்டித் தேடுவது. ஒன்றும் அகப்படாது. பல கோப்புகளில் தமிழ் எழுத்து பழைய எழுத்துருவில் இருப்பதால் தேடல் வேலை செய்யாது. உடனே "ஆள் அன்றைக்குப் பேசவே இல்லை" என்று பதிவு போட்டுவிடுவார்கள். பேசுகிற ஒவ்வொருவரின் பெயரும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் தலைப்பாக அச்சாகும். ஆகவே ஆங்கில எழுத்தில் குடும்பப் பெயரைப் போட்டுத் தேடுங்கள், எல்லா இடமும் அகப்படும். ஆதாரமாகக் குறித்து வைப்பதென்றால் கோப்பின் பக்க எண் வேண்டாம். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு நிரல், நிரலுக்குத்தான் எண். திகதியும் நிரல் எண்ணும் இருந்தால் யாரும் மறுக்க முடியாது.

பேச்சு அச்சாவது பேசிய மொழியில். எம்.பி. தமிழில் கேட்பார், அமைச்சர் சிங்களத்தில் பதில் சொல்வார், ஹன்சாட்டிலும் அப்படியேதான் இருக்கும். எங்கள் ஆட்கள் தமிழ்ப் பகுதியை மட்டும் வாசித்துவிட்டு "என்னமாய்க் கேட்டிருக்கிறார்" என்று மூடிவைக்கிறார்கள். சரக்கு இருப்பது அந்தச் சிங்களப் பதிலில். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரைப் பிடித்தாவது அதை வாசியுங்கள். சில வேளை பதில் வாயால் சொல்லப்படாது, "சபாபீடத்தில் வைக்கப்பட்ட விடை" என்ற தலைப்பில் எழுத்தில் வரும். வீடியோவில் அது இருக்கவே இருக்காது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பேச்சுக்கும் வாய்மூல வினாவுக்கும் வித்தியாசம் பெரிது. விவாதத்தில் பேசுவதற்கு யாரும் பதில் சொல்லவேண்டிய கட்டாயம் கிடையாது. அமைச்சர் விரும்பினால் தொட்டுச் செல்வார், இல்லாவிட்டால் விட்டுவிடுவார். வாய்மூல விடைக்கான வினா அப்படியல்ல. அது முன்கூட்டியே எழுத்தில் கொடுக்கப்பட்டு, ஒழுங்குப் புத்தகத்தில் (சபைக்கு வரவிருக்கும் வினாக்களும் பிரேரணைகளும் உள்ள பட்டியல்) ஏறி, முறை வரும்போது அமைச்சர் உட்பிரிவு உட்பிரிவாகப் பதில் சொல்லவேண்டிய ஒன்று. திணைக்களத்தில் யாரோ ஒரு உத்தியோகத்தர் கோப்பைத் திறந்து எண்ணிக்கை எடுத்தே ஆகவேண்டும். பிறகு எம்.பி. எழும்பி மேலதிக வினாவும் கேட்கலாம். கட்சித் தலைவர்களுக்கு சபையின் நடைமுறை விதியான நிலையியற் கட்டளை 27/2 இன் கீழ் அவசரக் கேள்வி கேட்கும் வழி தனியாக உண்டு.

நல்ல வினா எப்படியிருக்கும் என்று, எங்கள் மாவட்டத்தில் மாடு வளர்ப்போரின் மேய்ச்சல் நிலத்தில் வெளியார் அத்துமீறிப் பயிர்செய்வதாகப் பிரச்சினை ஓடும் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரையை வைத்தே காட்டுகிறேன். "பட்டிக்காரருக்கு அநியாயம் நடக்கிறது, அரசு என்ன செய்யப்போகிறது" என்று கேட்டால் "கவனம் செலுத்துகிறோம்" என்று பதில் வரும், வீடியோவும் நன்றாக ஓடும், பட்டி நின்ற இடத்திலேயே நிற்கும். கேட்க வேண்டிய முறை இது:

"(அ) மயிலத்தமடு, மாதவனைப் பகுதியில் மேய்ச்சல் தரைக்கென அளந்து குறிக்கப்பட்ட காணி எத்தனை ஏக்கர், அதில் இன்று அத்துமீறிப் பயிர்செய்யப்படும் அளவு எவ்வளவு, அத்துமீறியோருக்கு எதிராகத் தாக்கல் செய்யப்பட்ட வழக்குகள் எத்தனை, மேய்ச்சல் தரையை வர்த்தமானியில் அறிவிக்கும் திகதி யாது என்பதை அவர் இச்சபைக்கு அறிவிப்பாரா? (ஆ) இன்றேல், ஏன்?"

ஏக்கர், எண்ணிக்கை, திகதி. தப்புவதற்கு இடம் குறைவு. கடைசியில் வரும் "இன்றேல், ஏன்?" வெறும் சம்பிரதாயம்தான், ஆனால் மேலே கேட்டது சரியாக இருந்தால் அதற்கும் பல் முளைக்கும்.

இதில் இன்னொரு சிக்கல், யாரிடம் கேட்பது. மாடு கால்நடைக்குப் பொறுப்பான அமைச்சின் விடயம். காணியோ மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் பி வலயத்தோடு சேர்ந்தது, அங்கே மகாவலி அதிகாரசபையின் சொல்தான் செல்லும். காடு என்று சொல்லப்படும் பகுதிக்கு வனத் திணைக்களம். மாட்டை வெட்டினார்கள், சுட்டார்கள் என்ற முறைப்பாட்டுக்குப் பொலிஸ். கால்நடையும் காணியும் வேறு வேறு அமைச்சரிடம் இருக்கும் காலத்தில் வினாவைக் கால்நடை அமைச்சருக்கு அனுப்பினால் ஏக்கர் கணக்குக்கு அவர் சிங்களத்தில் "அதாள நொவே" என்று ஒரே வரியில் முடிப்பார். "பொருந்தாது" என்று அர்த்தம். ஹன்சாட்டில் அந்த இரண்டு சொல், கடைசி "இன்றேல், ஏன்?" தவிர்ந்த உட்பிரிவுகளுக்கு அடிக்கடி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஒன்றில் வினாவைத் தயாரித்தவருக்குப் பொறுப்பு யாரிடம் என்று தெரியவில்லை, அல்லது தெரிந்தும் கணக்குக்கு ஒரு வினா போட்டிருக்கிறார்கள். அமைச்சர் "இரண்டு வாரம் அவகாசம் வேண்டும்" என்று கேட்டால் அந்த வினா திரும்ப வந்ததா என்றும் பார்க்க வேண்டும். வராமல் போன வினாவைத் துரத்திப் பிடிக்கிற எம்.பி.தான் வேலை செய்கிற எம்.பி. என்பது என் கணிப்பு. அதை வீடியோவில் காணமுடியாது.

நிலைப்பாடு என்ன என்று பார்க்க வாக்கைப் பாருங்கள். வாக்கிலும் ஒரு ஓட்டை உண்டு. பெயர் வாரியாகப் பிரித்து வாக்கெடுத்தால் மட்டும்தான் சார்பாக யார், எதிராக யார் என்ற பட்டியல் ஹன்சாட்டில் வரும். வாய்வழி வாக்கில் "ஆம்" சொன்னவர் யார், பேசாமல் இருந்தவர் யார் என்பதற்குத் தடயமே இராது. பெயர்ப்பட்டியல் வந்தாலும் இரண்டு பக்கத்திலும் இல்லாதவரை நீங்கள்தான் எண்ணிப் பிடிக்க வேண்டும். பிரச்சினையான சட்டமூலத்தன்று தேநீர் அறையில் இருப்பது மிகப் பழைய வித்தை. 225 பேர் சபையில் கூட்ட நடப்பெண், அதாவது கூட்டம் நடக்கக் குறைந்தது இருக்க வேண்டிய எண்ணிக்கை, தலைமை தாங்குபவரையும் சேர்த்து 20 தான், ஆகவே ஆசனம் காலியாக இருந்தாலும் சபை ஓடும்.

எங்கள் பக்கத்து உதாரணம் சொன்னால், 2020 ஒக்ரோபர் 22 இல், ஜனாதிபதியின் அதிகாரத்தைக் கூட்டிய அரசியலமைப்பின் 20 ஆவது திருத்தத்துக்கு முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் எதிராக வாக்களித்தார். மட்டக்களப்பு, திகாமடுல்லை (அம்பாறை) மாவட்டங்களிலிருந்து தெரிவான அதே கட்சி உறுப்பினர்கள் சார்பாக வாக்களித்தார்கள். அதில் மட்டக்களப்பு உறுப்பினரைக் கட்சி பின்னர் வேறொரு விடயத்தில் நீக்கியது, அந்த நீக்கம் செல்லும் என்று 2023 ஒக்ரோபரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க அவரது ஆசனம் போனது. அரசியலமைப்பின் 99(13)(அ) உறுப்புரை அதற்குத்தான். கட்சி நீக்கினால் ஒரு மாதத்தில் ஆசனம் வெறிதாகும், அதற்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போய் நீக்கம் செல்லாது என்று தீர்ப்பு எடுத்தால் தப்பலாம். எனவே "மனச்சாட்சிப்படி வாக்களிப்பேன்" என்று மேடையில் சொல்பவரிடம் அவருடைய கட்சியின் தீர்மானம் என்ன என்று கேட்டுவையுங்கள்.

சபைக்குள் சொன்னதற்காக யாரும் வழக்குப் போட முடியாது என்பதும் ஞாபகம் இருக்கட்டும். பாராளுமன்றச் சிறப்புரிமை அது. உள்ளே பெயர் சொல்லி ஊழல் குற்றச்சாட்டு வைத்தவர், வெளியே ஊடகச் சந்திப்பில் அதே பெயரைச் சொல்கிறாரா? முறைப்பாடு எங்காவது எழுத்தில் கொடுத்திருக்கிறாரா? இவை இரண்டும் இல்லையென்றால் அந்தப் பேச்சுக்கு நான் பெரிய மதிப்புக் கொடுக்கமாட்டேன்.

ஹன்சாட்டின் முன்பகுதியில் "மனுக்கள்" என்று ஒரு சிறிய பகுதி வரும், யாரும் பார்ப்பதில்லை. சாதாரண ஆள் தன் அநியாயத்தைப் பொதுமனுக்கள் பற்றிய குழுவுக்குக் கொண்டுபோக ஒரு எம்.பி. மூலமாகத்தான் முடியும். ஓய்வூதியம் மறுக்கப்பட்டது, பதவி உயர்வு தரவில்லை, காணிக்கு நட்டஈடு வரவில்லை என்கிற மாதிரி விடயங்கள். யார் மனுச் சமர்ப்பித்தார் என்று பெயரோடு அச்சாகும். சத்தமில்லாத வேலை, ஆனால் ஒரு குடும்பத்துக்குப் பலன் உண்டு. உங்கள் எம்.பி.யின் பெயர் ஒரு வருடத்தில் அந்தப் பகுதியில் வரவே இல்லையென்றால் அது ஒரு செய்திதான்.

இடையில் ஒன்றைச் சொல்லாமல் போகமுடியாது. உயர்தரத்தில் அரசறிவியல் படிக்கிற பிள்ளைகள் உறுப்புரை இலக்கங்களை மனனம் செய்து பரீட்சையில் ஏ எடுக்கிறார்கள். ஆனால் ஒரு ஹன்சாட் பிரதியைக் கையில் எடுத்துப் பார்த்த பிள்ளை எங்கள் வகுப்பறைகளில் எத்தனை? டியூசன் நோட்டில் அதைப் பற்றி இரண்டு வரி இருக்கும். இறக்கிக் காட்டப் பத்து நிமிடம் போதும். பிறகு அதே பிள்ளைகள் வாக்காளராகி எம்.பி.யின் ஊடகச் செயலாளர் எழுதிக்கொடுத்ததை வைத்துச் சண்டை பிடிக்கிறார்கள். சரி, கேள்விக்கு வருவோம்.

ஊரில் ஒன்றும் அசையவில்லை என்றீர்கள். அதில் பாதி எம்.பி.யின் கையில் இல்லாதது. அரசியலமைப்பின் 152 ஆம் உறுப்புரைப்படி பொது நிதியைச் செலவிடும் பிரேரணையை அமைச்சரவை அங்கீகாரத்தோடு ஒரு அமைச்சர்தான் கொண்டுவரலாம். 2024 தேர்தலில் மட்டக்களப்பின் ஐந்து ஆசனத்தில் நான்கு எதிர்க்கட்சிப் பக்கம் போனது. அந்த நால்வரில் யாராவது "நான் ஒதுக்கினேன்" என்று பதாகை கட்டினால் அது பெரும்பாலும் பன்முகப்படுத்தப்பட்ட நிதியாக, அதாவது எம்.பி. தன் மாவட்டத்தில் வேலைகளை முன்மொழிய ஒதுக்கும் அரச நிதியாக இருக்கும். அல்லது ஏற்கனவே வந்த திட்டத்தின் முன் நின்று எடுத்த படம். வீதியென்றால் ஏ, பி தரம் வீதி அபிவிருத்தி அதிகாரசபை. சி, டி தரம் மாகாண வீதித் திணைக்களம். உள்ளூர்க் கிறவல் ரோடும் தெருவிளக்கும் பிரதேச சபை, அதற்குத் தவிசாளரிடம் போங்கள். உன்னிச்சைக் குளத்து நீர் நீர்ப்பாசனத் திணைக்களம். கிழக்கு மாகாண சபை 2017 இல் கலைந்த பிறகு தேர்தலே நடக்காததால் மாகாணத்துக்குரிய எல்லாம் ஆளுநரின் கீழ். கேட்க ஆளில்லாமல் சனம் எல்லாவற்றுக்கும் எம்.பி.யைத்தான் பிடிக்கிறது. அது எம்.பி.யின் குற்றமல்ல என்று சொன்னால் நான் அவருக்கு வக்காலத்து வாங்குவதாக நினைப்பீர்கள், ஆனால் உள்ளது அதுதான்.

பன்முகப்படுத்தப்பட்ட நிதி மட்டும் அவருடைய சொந்தத் தெரிவு, ஆகவே அதை இறுக்கிப் பிடியுங்கள். தொகை ஆண்டுக்கு ஆண்டு மாறும். எம்.பி. வேலைகளை முன்மொழிவார், மாவட்டத் திட்டமிடல் செயலகம் பார்க்கும், பிரதேச செயலகம் மதிப்பீடு தயாரிக்கும், பிறகு ஒப்பந்தம். நிதியாண்டு டிசம்பர் 31 இல் முடியும், செலவாகாத சல்லி திறைசேரிக்குத் திரும்பும். எம்.பி. பட்டியலைப் பிந்திக் கொடுத்தால் மதிப்பீடு செப்டெம்பரில் முடியும், ஒக்ரோபர் கடைசியில் எங்கட பக்கம் மாரி தொடங்கும், கிறவல் ஏற்றவும் கொங்கிறீட் போடவும் முடியாது. பிறகு அவசர அவசரமாகக் கதிரை, ஒலிபெருக்கி, விளையாட்டுச் சீருடை என்று மாற்றுவார்கள். வருடக் கடைசியில் உங்கள் ஊர்க் கழகத்துக்குக் கதிரை வந்திறங்கினால் காரணம் அநேகமாக இதுதான்.

இதைப் பார்க்கத் தகவல் அறியும் சட்டம் போதும், 2016 இன் 12 ஆம் இலக்கம். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. "ஏன் எங்கள் ஊருக்கு ஒன்றும் இல்லை" என்று எழுதினால் பதில் வராது, ஏனெனில் அந்தச் சட்டம் தருவது கையிலிருக்கும் ஆவணத்தை. "இன்ன எம்.பி. இன்ன ஆண்டில் பன்முகப்படுத்தப்பட்ட நிதிக்கு முன்மொழிந்த வேலைகளின் பட்டியல், பட்டியல் கிடைத்த திகதி, ஒதுக்கிய தொகை, செலவான தொகை ஆகியவற்றின் பிரதி" என்று கேளுங்கள். பட்டியல் கிடைத்த திகதியை விட்டுவிடாதீர்கள், பிந்தியது எம்.பி.யா கந்தோரா என்று காட்டுவது அதுதான். பதிவுத் தபாலில் அனுப்பிச் சிட்டையை வைத்துக்கொள்ளுங்கள். 14 வேலை நாளில் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

அதே கடிதத்தில் மாவட்ட அபிவிருத்தி ஒருங்கிணைப்புக் குழுவின் கடைசி இரண்டு கூட்ட அறிக்கைகளையும் கேளுங்கள். கூட்டத்துக்கு யார் வந்தார், யார் எதை எழுப்பினார், எந்தத் திணைக்களத்துக்கு என்ன பொறுப்புக் கொடுத்தது எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒரே விடயம் இரண்டு அறிக்கையிலும் ஒரே வசனத்தில் இருந்தால், அதைத் தூக்கிக்கொண்டு எம்.பி.யின் அலுவலகத்துக்குப் போய் அடுத்த அமர்வில் வாய்மூல வினாவாகப் போடச் சொல்லுங்கள். போடுகிறாரா என்று ஒழுங்குப் புத்தகத்தில் பார்க்கலாம்.