வயிறு ஒத்துழைக்காதவர்களுக்கு என்ன சாப்பாடு? கேள்வி பதில்

ஆரம்பிக்கும் முன்னால் ஒரு வார்த்தை. நான் டயட்டீஷியன். ஐபிஎஸ், அதாவது பரிசோதனையில் ஒன்றும் தெரியாமலே வயிற்றுவலி, உப்புசம், மலத் தொந்தரவு தருகிற குடல் கோளாறு, என்று டாக்டர் முடிவு செய்து அனுப்பியவர்களுக்குச் சாப்பாடு சொல்வது என் வேலை. அல்சரா, கட்டியா என்று கண்டுபிடிப்பது என் வேலை இல்லை. மலத்தில் ரத்தம், தார் மாதிரி கறுத்த மலம், காரணமில்லாமல் எடை குறைவது, ராத்தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வயிற்றுப்போக்கு, ரத்தசோகை: இதில் ஒன்று இருந்தாலும் முதலில் குடல்நோய் டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: மேடம், ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் நார்மல். ஐபிஎஸ் என்றார்கள். காலையில் நாலு இட்லி, சாம்பார். பதினோரு மணிக்கெல்லாம் வயிறு பலூன் மாதிரி ஆகிவிடுகிறது. இட்லியை நிறுத்தவா?

இட்லியை விடுங்கள், பாவம். சாம்பாரைப் பாருங்கள். துவரம்பருப்பு ஒரு பக்கம், ஒரு கை சின்ன வெங்காயம் இன்னொரு பக்கம். பருப்பில் உள்ள காலக்டன், வெங்காயத்தில் உள்ள ஃப்ரக்டன் இரண்டையும் உடைக்கிற நொதி நம் சிறுகுடலில் யாருக்குமே கிடையாது. அவை அப்படியே பெருங்குடலுக்குப் போகும், அங்கே பாக்டீரியா அவற்றைப் புளிக்கவைக்கும், கேஸ் வரும். எல்லோருக்கும் இதுதான் நடக்கிறது. உங்கள் குடல் நரம்புகளுக்கு உணர்ச்சி அதிகம் என்பதால், பக்கத்து இலைக்காரர் கவனிக்காத கேஸ் உங்களுக்கு வலியாகத் தெரிகிறது. மெல்போர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகக்காரர்கள் இப்படிப் புளிக்கிற மாவுச்சர்க்கரைகளைச் சேர்த்து 'ஃபாட்மேப்' என்று பெயர் வைத்தார்கள். பெயர் 2005 வாக்கில் வந்தது.

செய்ய வேண்டியது: சில வாரம் வெங்காயம், பூண்டு இல்லாத சாம்பார். துவரைக்குப் பதில் கொஞ்சமாகப் பாசிப்பருப்பு. ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத்தண்ணீரில் வேகவையுங்கள். காலக்டன் தண்ணீரில் கரையும், ஓரளவு அதோடு போய்விடும். காய்க்கு கேரட், கத்தரி, வெண்டை. காலிஃபிளவர், காளான் இப்போதைக்கு வேண்டாம். வாசனைக்குப் பெருங்காயம். வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியை மட்டும் நறுக்கிப் போடலாம், வெள்ளைப் பகுதி ஆகாது.

இனி நான் எல்லோரிடமும் சொல்வது: இது வாழ்நாள் விரதம் இல்லை. இரண்டிலிருந்து ஆறு வாரம். வயிறு அடங்கியதும் ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும், ஒரு பொருளை மூன்று நாள் அளவைக் கூட்டிக்கூட்டிப் பார்த்து. எது உங்களுக்கு ஆகாது என்று தெரிந்தபின் அதை மட்டும் குறைத்தால் போதும்.

கேள்வி: அக்கா, பால் குடித்தால் ஓட்டம். தயிரும் கூடாதா?

தயிர் சாப்பிடலாம். உறைய வைக்கிற பாக்டீரியா, லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரையில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மோர் இன்னும் சுலபம். நெய்யில் லாக்டோஸ் இல்லை என்றே சொல்லலாம். ஒரு டம்ளர் பாலில் சுமார் 10 கிராம் லாக்டோஸ். லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாதவர்களிலும் பலர் இந்த அளவைச் சாப்பாட்டோடு தாங்குவார்கள். உங்களுக்கு ஓட்டம் வெறும் வயிற்று காபியில் மட்டும் வருகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் பாலைத் திட்டாதீர்கள், காபியே குடலைக் கிளப்பிவிடும்.

கேள்வி: கோதுமையை நிறுத்தினேன், சுகமாக இருக்கிறது. எனக்கு சீலியாக்கா?

தெரியாது. சீலியாக் என்பது கோதுமையில் உள்ள குளூட்டன் என்கிற புரதத்தால் சிறுகுடல் பழுதாகும் நோய். கோதுமையை நிறுத்தும் முன் ரத்தப் பரிசோதனை செய்திருக்க வேண்டும். கோதுமையை விட்டபின் செய்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். கோதுமையிலும் ஃப்ரக்டன் உண்டு, அதனாலும் சுகமாக இருந்திருக்கலாம். டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: பூண்டு வாயுவை முறிக்கும் என்றுதான் எங்க அம்மா பூண்டு ரசம் வைப்பார்கள். காலங்காலமாகச் சாப்பிட்டதை ஒரு வெள்ளைக்காரப் பட்டியலுக்காக விடச் சொல்கிறீர்களா?

அம்மா சொன்னது பொய் இல்லை. நல்ல வயிற்றுக்குச் சூடான ரசம் சுகமாகத்தான் இருக்கும். உணர்ச்சி மிகுந்த குடலுக்கு அதே ரசம் சிக்கல். ஃப்ரக்டன் தண்ணீரில் கரையும், ஆகவே பல்லை எடுத்துப்போட்டாலும் ரசத்தில் இறங்கியிருக்கும்.

குறுக்கே ஒருவர்: பல்லை எடுத்துவிட்டுத்தானே நான் சாப்பிடுகிறேன், அப்படியும் வலிக்குதே என்று யோசித்துக்கொண்டிருந்தேன்!

அதேதான். ஆனால் ஃப்ரக்டன் எண்ணெயில் கரையாது. நல்லெண்ணெய் காய்ந்ததும் முழுப்பல் நாலைப் போடுங்கள், ஓரம் பொன்னிறமாகி வாசனை வந்ததும் கரண்டியால் அரித்து எடுத்துவிடுங்கள். அந்த எண்ணெயில் கடுகு, சீரகம், மிளகு தாளித்து ரசத்தில் கொட்டுங்கள். வாசனை முழுசாக இருக்கும். அன்றன்றைக்குச் செய்யுங்கள். பூண்டு போட்ட எண்ணெயை வெளியே நாள்கணக்கில் வைத்தால் அதில் நஞ்சு உருவாகி பாட்டுலிசம் என்கிற ஆபத்தான நோய் வரலாம்.

இன்னொருவர்: நசுக்கிப் போடாத பூண்டில் மருந்தே இல்லை. இது ரசத்துக்கே அவமானம்.

மருந்து வேண்டுமென்றால் மருந்துக்கடை இருக்கிறது. நான் சொல்வது மதியம் ஆபீசில் பெல்ட்டைத் தளர்த்தாமல் உட்காருவதற்கு வழி.

முன்னவர்: பெருங்காயத்திலும் கோதுமை மாவு கலக்கிறார்களே, அதை மட்டும் ஏன் விட்டீர்கள்?

நல்ல கேள்வி. கூட்டுப் பெருங்காயத்தில் மைதாவோ கருவேலம் பிசினோ சேர்ப்பதுண்டு. ஒரு சிட்டிகையில் ஐபிஎஸ்காரருக்கு ஒன்றும் ஆகாது. சீலியாக் உள்ளவர் லேபிளைப் படிக்க வேண்டும். பூண்டு வழக்கை இத்தோடு முடிக்கிறேன்.

கேள்வி: சாம்பார் சாப்பிடலாமா மேடம்?

முதல் பதில்.

கேள்வி: தினமும் காபியோடு பான்டபிரசோல், அதான் அமிலம் குறைக்கிற மாத்திரை, போடுகிறேன், ஒரு வருஷமாக.

அதைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும். ஒரு வருஷம் தொடரச் சொன்னது யார்? டாக்டர் என்றால் அவரிடம் மறுபடி காட்டுங்கள். மருந்துக்கடைக்காரர் என்றால் இன்றே டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: கறுப்பாகப் போகிறது. இரும்பு மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை. மோர் குடித்தால் சரியாகுமா?

ஆகாது. இன்றைக்கே மருத்துவமனை. நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

கேள்வி: பழைய சோறு நல்லதா?

சோறு நல்லது. கூடவே கடிக்கிற சின்ன வெங்காயம்தான் உங்களுக்குச் சிக்கல். மோர்மிளகாய் வைத்துக்கொள்ளுங்கள், காரம் தாங்கினால். சமைத்த சோற்றைச் சும்மா வெளியே விடாமல், ஆறியதும் தண்ணீர் ஊற்றி மூடுங்கள். விடிந்ததும் சாப்பிட்டுவிடுங்கள்.

கேள்வி: நார்ச்சத்துக்கு கோதுமைத் தவிடு?

பலருக்கு உப்புசம் கூடும். இசப்கோல் மேல். நிறையத் தண்ணீரோடு, சிறிய அளவில் தொடங்குங்கள்.

கேள்வி: எந்த ப்ரோபயாடிக் கேப்சூல் வாங்கலாம்?

பிராண்ட் சொல்ல மாட்டேன்.

கேள்வி: சாம்பார்...

முதல் பதில். தயவுசெய்து.

கேள்வி: அக்கா, கோபிக்காதீங்க. பூண்டு ஊறுகாய்?

மேலே தெளிந்து நிற்கிற எண்ணெய் தொட்டுக்கொள்ளும் அளவு உங்களுக்கு. பல்லு வீட்டுக்காரருக்கு.