நர்ஸை நீக்கிவிட்டால் ஆஸ்பத்திரியின் பொறுப்பு தீர்ந்ததா?

கேள்வி: தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று சேர்க்கும்போதே சொன்னோம். கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் எழுதியும் வைத்தார்கள். அப்படியும் ராத்திரி டியூட்டி நர்ஸ் அதே வகை ஊசியைப் போட்டுவிட்டார். மூச்சுத் திணறி, ஐசியூவில் வைத்துத்தான் அம்மா பிழைத்தார். "அந்தப் பெண் புதுசு, வேலையிலிருந்து எடுத்துவிட்டோம்" என்கிறது நிர்வாகம். ஐசியூ செலவும் எங்கள் பில்லில்தான். அதில் கொஞ்சம் குறைக்கிறோம், ஒரு தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். அந்தப் பெண் மேல் கேஸ் போட எங்களுக்கு மனசு வரவில்லை. என்ன செய்வது?

– வாசகி, திருநெல்வேலி

பதில்: முதலில், அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி அதில் எங்காவது ஒளிந்திருக்கும்.

அந்தப் பெண் மேல் கேஸ் போடவே வேண்டாம். ஆஸ்பத்திரி மேல் போடுங்கள். நர்ஸ் தானாக மருந்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. முன்பக்கத்தில் சிவப்பு மை இருக்க, உள்ளே மருந்துச் சீட்டில் அதே வகை மருந்தை எழுதியது எந்த டாக்டர்? மருந்தகம் எப்படிக் கொடுத்தது? புதுசான ஒருவரை ராத்திரியில் தனியாக விட்டது யார்? இதற்கெல்லாம் பதில் சொல்லாமல் கடைநிலையில் இருப்பவரை வீட்டுக்கு அனுப்புவது, சுத்தமாகச் சொன்னால், கை கழுவுவது.

சட்டமும் இதை ஏற்காது. டெல்லியில் ஒரு குழந்தைக்கு நர்ஸ் தவறான ஊசி போட்டு மூளை பாதித்த வழக்கில், ஆஸ்பத்திரிதான் பொறுப்பு என்று 1998-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. குழந்தைக்கு 12.5 லட்சம், பெற்றோரின் மன வேதனைக்குத் தனியாக 5 லட்சம். சிகிச்சை தந்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வழக்கில் சேர்க்க வேண்டியதில்லை, கவனக்குறைவு இல்லை என்று ஆஸ்பத்திரிதான் காட்ட வேண்டும் என்பது 2004-இல் வந்த தீர்ப்பு.

சரி, உடனே செய்ய வேண்டியது: கேஸ் ஷீட், மருந்து கொடுத்த பதிவு, நர்ஸ் குறிப்புகள், ஐசியூ பதிவு எல்லாவற்றின் நகலையும் எழுத்தில் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. கடிதத்தின் நகலில் சீலும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் நீட்டினால் போதாது. அதில் "திடீர் மூச்சுத் திணறல்" என்று மட்டும் எழுதி, ஊசியைப் பற்றி மூச்சு விடாமல் இருக்கலாம்.

போலீஸுக்குப் போவதை நான் சொல்ல மாட்டேன். மிக மோசமான அலட்சியம் என்றால்தான் குற்ற வழக்கு நிற்கும் என்று ஜேக்கப் மேத்யூ என்ற டாக்டரின் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 2005 தீர்ப்பு இருக்கிறது. அங்கே போனால் மாட்டுவதும் அந்த நர்ஸ்தான். உங்களுக்கு ஏற்றது மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலும் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நஷ்டஈட்டோடு ஐசியூ பில்லையும் முழுசாகத் திருப்பிக் கேளுங்கள்.