மலை சைக்கிள் பந்தயம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: 2024 பாரிஸ் ஒலிம்பிக் மகளிர் மலை சைக்கிள் பந்தயத்தில் இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்த பக் பீட்டர்ஸ, பஞ்சரான பிறகு நான்காம் இடத்தில்தான் முடித்தார். சாலைப் பந்தயத்தைப் போல மாற்று சைக்கிள் வாங்கி ஓட்டியிருக்கலாமே?

பதில்: விதி இடம் தராது. கிராஸ் கன்ட்ரி எனப்படும் இந்தப் பந்தய வகையில் சக்கரம், செயின், ஹேண்டில்பார் என எதையும் மாற்றலாம். ஃபிரேமை மட்டும் மாற்றக் கூடாது. சக அணி வீரர் தவிர மற்றவர் கை வைப்பதும், தண்ணீரும் பழுதுபார்ப்பும் பெறுவதற்கென ஒதுக்கிய உதவி மண்டலத்துக்குள் மட்டுமே. ஒரு சுற்று பொதுவாக 4 முதல் 6 கி.மீ.; அதில் பெரும்பாலும் இரண்டு மண்டலங்கள்தான் இருக்கும். மண்டலத்தைக் கடந்த மறு நிமிடம் பஞ்சரானால், வந்த பாதையில் திரும்பிப் போக முடியாது. அடுத்த மண்டலம் வரை உருட்ட வேண்டும், இல்லையேல் நின்று தானே சரிசெய்ய வேண்டும். அன்று பொலின் ஃபெரான்-ப்ரெவோ ஏறத்தாழ 3 நிமிட இடைவெளியில் வென்றார் என்பதால் தங்கம் எப்படியும் எட்டியிருக்காது. பஞ்சரால் பறிபோனது மற்ற இரண்டு பதக்கங்களில் ஒன்று என்பதே எங்கள் கணிப்பு.

மண்டல விதி எவ்வளவு கறார் என்பதற்கு அதே பந்தயத்திலேயே இன்னொரு சான்று உண்டு. வெள்ளி வென்ற ஹேலி பேட்டன், தண்ணீரோ பழுதுபார்ப்போ பெறாமல் மண்டலப் பாதை வழியே ஓட்டிச் சென்றதற்காக 500 சுவிஸ் ஃபிராங்க் அபராதம் கட்ட நேர்ந்தது. பதக்கம் தப்பியது.

கேள்வி: என் எடை 54 கிலோ. 29 அங்குலச் சக்கரம், 2.4 அங்குல டியூப்லெஸ் டயர். காற்று எவ்வளவு வைப்பது? 22 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) வைத்தால் வேர்கள் மீது சக்கரம் துள்ளுகிறது.

பதில்: 22 என்பது 75 கிலோ ஆண் வீரருக்குப் பொருந்தும் அளவு. அதை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் எடை குறைந்த வீராங்கனைகள் பலர் செய்யும் பிழை. உங்களுக்கு முன்னால் 17, பின்னால் 19 என்று தொடங்குங்கள். உடல் எடையில் பெரும்பங்கு பின்சக்கரத்தில் இறங்குவதால் அங்கே 2 கூடுதல்.

பிறகு வேரும் கல்லும் உள்ள ஒரே 200 மீட்டர் துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் 1 பிஎஸ்ஐ இறக்குங்கள். ரிம் கல்லில் 'டக்' என்று இடிக்கும், அல்லது வளைவில் டயர் பக்கவாட்டில் நெளியும். அந்த இடத்தில் நிறுத்தி 1 அல்லது 1.5 ஏற்றிக்கொண்டால், அந்தத் தடத்துக்கு உங்கள் அளவு கிடைத்துவிடும். காற்றுமானி எப்போதும் ஒன்றாகவே இருக்கட்டும். இரண்டு மானிகளுக்குள் 2 பிஎஸ்ஐ வேறுபாடு சாதாரணம். வெயிலில் நின்ற டயரில் அழுத்தம் ஏறும், ஆகவே தொடக்கக் கோட்டுக்குப் போகுமுன் கடைசியாக ஒருமுறை பாருங்கள்.

துள்ளலுக்கு டயர் மட்டும் காரணமாக இருக்காது. அதிர்வைத் தாங்கும் ஷாக்கில் உங்கள் எடைக்கேற்பக் காற்றைக் குறைத்திருப்பீர்கள், அது மீளும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரீபவுண்ட் திருகைத் தொட்டிருக்க மாட்டீர்கள். காற்று குறைந்தால் ஷாக் மெதுவாகவே மீளும். ஒரு வேரில் அமுங்கியது அடுத்த வேருக்குள் நிமிராது. மூன்றாவது வேரில் அமுங்க இடமே இல்லாமல் கட்டைபோல் தட்டும். திருகை வேகமாகும் திசையில் ஒவ்வொரு கிளிக்காகத் திறந்து பாருங்கள். இதைச் சரிசெய்யாமல் டயர் காற்றை மேலும் இறக்கினால் ரிம்தான் உடையும்.

கேள்வி: பந்தயத்தின் நடுவே பஞ்சரானால் வரிசையாக என்ன செய்வது?

பதில்: முதலில் ஓட்டை தரைப்பக்கம் வரும்படி சக்கரத்தைச் சுற்றி நிறுத்துங்கள், டயருக்குள் இருக்கும் சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) அங்கே வழிந்து தானே அடைக்கக்கூடும். பத்து விநாடியில் சீறல் நிற்காவிட்டால் ஓட்டையில் ப்ளக் (ரப்பர் அடைப்பான்) செருகுங்கள், பெரிய வெட்டென்றால் இரண்டு. அதன் பிறகுதான் காற்றேற்ற 16 கிராம் கார்பன் டை ஆக்சைடு கார்ட்ரிட்ஜ் (சிறு வாயுக் குப்பி). வால்வு மேலே இருக்கட்டும். கீழே இருந்தால் குளிர்ந்த வாயு சீலன்ட் மேல் பட்டு அது கட்டி தட்டிவிடும். பக்கச்சுவர் கிழிந்திருந்தால் ப்ளக் அநேகமாக நிற்காது, நேரத்தை வீணாக்காமல் மண்டலத்துக்கு விரையுங்கள். டயருக்கு 80 முதல் 100 மி.லி. சீலன்ட் வேண்டும். இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும் என்பதை மறந்துவிட்டு, 'அடைக்கவில்லையே' என்று கம்பெனியைக் குறை சொல்வோர் நிறைய.

கேள்வி: உலகக் கோப்பையில் குறுந்தடப் பந்தயம் எதற்கு?

பதில்: 20 முதல் 25 நிமிடம் ஓடும் அந்தப் பந்தயத்தின் முடிவுதான் முதன்மைப் பந்தயத்தின் முன்வரிசை இடங்களைத் தீர்மானிக்கிறது. முன்வரிசை ஏன் முக்கியம் என்றால், அகன்ற ஏற்றம் முடிந்து ஒற்றையடிப் பாதை தொடங்கும் இடத்தில் நெரிசல் உண்டாகும். முன்னால் ஒருவர் கால் ஊன்றினால் பின்னால் முப்பது பேர் இறங்கி நிற்க வேண்டியதுதான். அங்கே இழந்த 40 விநாடியை மீட்க இரண்டு சுற்று ஆகும்.

கேள்வி: 80 விழுக்காடு விதி என்றால் என்ன?

பதில்: முதலிடத்தில் இருப்பவரைவிட, அவரது முதல் சுற்று நேரத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் பின்தங்குபவர் தடத்திலிருந்து வெளியேற்றப்படுவார். முதல் சுற்று 12 நிமிடம் என்றால் பின்தங்கும் வரம்பு 9 நிமிடம் 36 விநாடி.