சாயமில்லாமல் செல்லைப் பார்ப்பது: பிளாஸ்மான் நுண்ணோக்கி, சில கேள்விகள்

சாயம் சேர்க்காமல் புரதம் எப்படிக் கண்ணுக்குத் தெரிகிறது?

தெரிவது புரதமே அல்ல. அது உட்கார்ந்த இடத்தில் ஒளிவிலகல் எண் மாறியிருப்பது. கண்ணாடிமீது சுமார் 50 நானோமீட்டர் தடிமனுக்குத் தங்கம் படியவைத்து, கண்ணாடிப் பக்கத்திலிருந்து சரிவாக ஒளியை விடுகிறோம். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் அந்த ஒளி, தங்கத்தின் எலக்ட்ரான்களை அலையாக ஓடவிட்டு அங்கேயே தீர்ந்துபோகும். அந்த அலைதான் பிளாஸ்மான். எதிரொளி ஏறக்குறைய இருண்டுவிடும். 633 நானோமீட்டர் சிவப்பு ஒளி, மறுபக்கம் தண்ணீர் என்றால், வழக்கமான கண்ணாடி முப்பட்டகத்தில் அந்தக் கோணம் 70 பாகைக்குச் சற்று மேலே. புரதம் ஒட்டியதும் கோணம் நகரும். நாம் பழைய கோணத்திலேயே நின்றால், ஒட்டிய இடம் மட்டும் வெளிச்சமாகும்.

கிரெட்ஷ்மானும் ரேத்தரும் இந்த முப்பட்டக அமைப்பைக் காட்டியது 1968இல். அது உயிரியல் உணரியானது 1983இல், சுவீடனில். ரோத்தன்ஹாய்ஸ்லரும் நோலும் 1988இல் அதை நுண்ணோக்கியாக்கினார்கள்.

செல்லின் உட்கருவைப் பார்க்கலாமா?

முடியாது. தங்கத்திலிருந்து 100, 200 நானோமீட்டர் தள்ளிப்போவதற்குள் பிளாஸ்மானின் மின்புலம் தேய்ந்துவிடும். செல்லோ பல மைக்ரான் உயரம். தெரிவது அதன் அடிப்பாகம் மட்டுமே: எங்கே பிடித்திருக்கிறது, எங்கே விட்டிருக்கிறது. செல் நகர்வதை, ஒட்டுவதை ஆராய்பவர்களுக்கு இந்தக் குறையே வசதி. மேலே மிதக்கும் குப்பை படத்தில் வராது.

படம் ஒரு பக்கமாக வால் இழுக்கிறது. லென்ஸ் பழுதா?

லென்ஸைக் குறை சொல்லாதீர்கள். பிளாஸ்மான் பிறந்த இடத்திலேயே நிற்பதில்லை. தங்கத்தில் சில மைக்ரான் ஓடித்தான் அடங்கும். ஓடும் திசையில் படம் மங்கும், குறுக்குத் திசையில் கூர்மையாக இருக்கும். அலைநீளத்தைக் கூட்டினால் கோணப்பள்ளம் (எதிரொளி இருண்டுபோகும் கோண அளவு) ஒடுங்கி உணர்திறன் கூடும், ஆனால் வால் நீளும். இரண்டையும் ஒருசேரப் பெற வழியில்லை. எண் துளை (எவ்வளவு சரிவான ஒளியை லென்ஸ் கையாளும் என்பதன் அளவு) 1.49 உள்ள எண்ணெய் லென்ஸ் வழியாகப் பல திசைகளிலிருந்து ஒளியைச் செலுத்திப் படங்களைச் சேர்த்தால் வால் பெருமளவு குறையும்.

இந்த வாலோடுதான் 2010இல் அரிசோனாவில் டாவோ என்ற ஆய்வாளரின் குழுவினர் தனித்தனி இன்புளுயன்சா வைரஸ்களைப் பதிவுசெய்தார்கள். அவர்கள் படத்தில் இருந்தது வைரஸின் உருவமல்ல, அது சிதறடித்த அலையின் தடம். ஒன்று இருப்பதைக் கண்டுபிடிப்பது வேறு, அதன் உருவத்தைப் பிரித்துக் காண்பது வேறு. கட்டுரைகள் படிக்கும்போது இதைக் கவனியுங்கள். தலைப்புகள் பெரும்பாலும் இரண்டையும் குழப்பும்.

தங்கத்துக்குப் பதில் வெள்ளி?

பள்ளம் கூர்மையாக வரும். ஆனால் உப்புக் கரைசலில் வெள்ளி விரைவில் கெடும். உயிரியல் வேலைக்குத் தங்கமே நல்லது.

மாதிரியை விடும் முன்பே சிக்னல் கோடு மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது.

முதல் சந்தேகம் வெப்பநிலைமீது. ஒரு பாகை செல்சியஸ் கூடினால் தண்ணீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு குறையும். நீங்கள் தேடுவதோ பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாற்றம். அதாவது, நூறில் ஒரு பாகை அசைந்தாலே உங்கள் சிக்னல் அளவுக்குப் பிழை. குளிர்சாதனக் காற்று நேராகப் படும் மேசையில் கருவியை வைக்காதீர்கள். விளக்கைப் போட்டுவிட்டு உடனே அளக்காமல், அது சூடேறி நிலைக்கும்வரை காத்திருங்கள்.

அடுத்தது கரைசல். மருந்து மூலக்கூறுகளை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்துவிட்டு, சில்லின்மேல் ஓடும் பஃபர் கரைசலில் அதே அளவு டிஎம்எஸ்ஓ சேர்க்க மறந்தால், ஒன்றுமே ஒட்டாமல் பெரிய தாவல் வரும். சதுரமாக ஏறி, கழுவியதும் சதுரமாக இறங்கினால் பெரும்பாலும் அதுதான்.

சிக்னல் அருமையாக வந்தது. பிணைப்பு உறுதி என்று எழுதலாமா?

இப்போதைக்கு வேண்டாம். சாயமிட்ட முறையில் குறியிட்ட மூலக்கூறு மட்டுமே ஒளிரும். இங்கே யார் வந்து ஒட்டினாலும் கதவு திறக்கும், பெயர் கேட்பதில்லை. சீரத்தில் உள்ள ஆல்புமின் ஒட்டினாலும் அதே வெளிச்சம்தான். ஆகவே, இலக்கைப் பிடிக்க ஆண்டிபாடி பூசிய புள்ளி இருக்கும் அதே சில்லில், அதே நேரத்தில், ஆண்டிபாடி இல்லாத ஒரு புள்ளியும் இருக்க வேண்டும். தொடர்பே இல்லாத ஆண்டிபாடி பூசிய இன்னொன்றும் வேண்டும். அவற்றின் மாற்றத்தைக் கழித்தபின் மிஞ்சுவதுதான் உங்களுடையது. முழுப் பரப்பையும் ஒரே படத்தில் பார்ப்பதன் பெரிய லாபமே இந்த ஒப்பீடுதான். வெற்றுத் தங்கத்தை, புரதம் ஒட்டாமல் தடுக்கும் பிஇஜி பூச்சால் மூடுவதில் செலவிடும் ஒரு வாரம், புதிய கேமராவைவிட அதிகம் பயன்தரும்.

கல்லூரி ஆய்வகத்தில் நாமே கட்டலாமா?

முப்பட்டக வகையைத் தாராளமாகக் கட்டலாம். லேசர் வேண்டாம், படம் முழுக்கப் புள்ளிப்புள்ளியாக வரும். சிவப்பு எல்இடியும் குறுகிய பட்டை வடிகட்டியும் போதும். தளவிளைவாக்கியை (ஒளியின் அதிர்வை ஒரே திசைக்குள் அடக்கும் போலரைசர்) மட்டும் சரியான திசையில் திருப்பி வையுங்கள். தவறினால் இருள் வரவே வராது. சரிவாகப் பார்ப்பதால் வட்டப் புள்ளிகள் நீள்வட்டமாகத் தெரியும், அதை மென்பொருளில் திருத்திக்கொள்ளலாம்.